கைதட்டும் சனிக்கிழமை

ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடையைச் சொல்லிவிடுவேன் என்பது தராசக்காவின் பெருமை. கேட்காதவர்களிடமும் சொல்லுவாள். அதனால் பஸ்ஸில் அவளுக்குக் கிடைத்த வசவு கொஞ்சநஞ்சமல்ல. கல்யாணமான புதிதிலிருந்து மொத்த வியாபார மளிகைக் கடையில் அரிசியும் பருப்பும் நிறுத்துப் போட்டவள். முதலாளியின் மகன்கள் அடித்துக்கொண்டு கடையை மூடித் தொலைத்ததும், நலவாழ்வுச் சங்கம் அவளைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டது. நேற்று வரைக்கும் மூட்டை, இன்றைக்கு மனிதர்கள். "மூட்டையே தேவலை. மேல ஏறி நின்னுக்கிட்டு வயித்தை எக்காது" என்பாள்.

சங்கம் என்றால் பெரிய மாளிகை எல்லாம் இல்லை. கட்டிலும் பீரோவும் விற்ற ஒரு பழைய கடைதான். வாசல் கண்ணாடியில் 'தவணை முறையில் கிடைக்கும்' என்ற எழுத்தைச் சுரண்டியும் அது முழுசாகப் போகவில்லை. ஊர் ஜனங்கள் நன்றாக நடக்க வேண்டும், நல்லதைச் சாப்பிட வேண்டும், இவ்வளவுதான் சங்கத்தின் கொள்கை. தலைவர், பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்தான் ஓய்வு பெற்றார், அவருடைய விசில் பெறவில்லை. காலையில் பூங்காவில் நாற்பது ஐம்பது பேரை விசில் ஊதியே நடத்திக் கூட்டிப் போவார். அதனால் விசில் மாஸ்டர். புதன்கிழமை எண்ணெய் குறைத்துச் சமைக்கும் வகுப்பு. அங்கே சாப்பிட்டால் புண்ணியம் கிடைக்கும், ருசி கிடைக்காது. சனிக்கிழமை எடை பார்க்கும் நாள். அந்த ஒரு நாளைக்கு ராணி தராசக்காதான்.

எடைமேடை, பார்சல் ஆபீஸில் கழித்துக் கட்டியதை வாங்கி வந்தது. சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய வட்டமுகம், அதில் ஒற்றை முள். ஆள் ஏறி நின்றால் முள் ஓடி, கொஞ்சம் தள்ளாடி, நிற்கும். தராசக்கா அதைப் பார்த்து, போன வாரத்துக்கு இந்த வாரம் ஏற்றமா இறக்கமா என்று உரக்கச் சொல்லுவாள்.

கைதட்டலை ஆரம்பித்து வைத்தவளும் அவள்தான். சங்கம் தொடங்கிய புதிதில் தையல்காரம்மா ஒருத்தி துளியூண்டு குறைந்திருந்தாள். வெட்கத்தில் அவள் முகத்தை மூடிக்கொள்ள, தராசக்கா சும்மா ஒரு வேடிக்கைக்குக் கை தட்டினாள். வரிசையில் நின்றவர்களும் தட்டினார்கள். அப்புறம் அது சட்டமாகவே ஆகிவிட்டது. இறங்கினால் கைதட்டல். ஏறினால் யாரும் திட்ட மாட்டார்கள், ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். எல்லோரும் கூரையைப் பார்ப்பார்கள். அந்தக் கூரைப் பார்வைக்குப் பயந்தே வெள்ளிக்கிழமை ராத்திரி பட்டினி கிடப்பவர்கள் உண்டு. ஊருக்குச் சாப்பாட்டு உபதேசம் செய்கிற சங்கத்தின் லட்சணம் இது.

அந்த வரிசைக்கு ஒரு நாள் பூசணி வந்து சேர்ந்தாள்.

கடைத்தெருவில் படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கும் பிரேம்காரரின் மனைவி. எடைமேடையில் ஏறும்போதே, "என் பேரு பூசணி. வீட்டுல அப்படித்தான் கூப்பிடுவாங்க. உங்க மெஷின் உடைஞ்சா நான் பொறுப்பில்ல" என்றாள். கூடம் சிரித்தது. நல்ல வாளிப்பான உடம்பு, அதைவிட வாளிப்பான சிரிப்பு. தராசக்காவுக்கு அவளைப் பார்த்ததுமே பிடித்துப் போய்விட்டது. பிடித்தவர்களிடம் மட்டும்தான் அவள் எடையைக் கண்ணால் பார்த்துச் சொல்ல மாட்டாள்.

முதலில் பூசணி நடந்தாள், வகுப்புக்கு வந்தாள், ஒரு மண்ணும் குறையவில்லை. கூடம் கூரையைப் பார்க்கும்போது அவளும் சேர்ந்து பார்த்து, "என்ன, பல்லியா?" என்று கேட்பாள். பிறகு குறைய ஆரம்பித்தது. கொஞ்சம் குறைந்தது, பிறகு நிறைய. ஒவ்வொரு சனிக்கிழமையும் கைதட்டல் கூரையைத் தூக்கியது. கன்னம் வற்றி, கழுத்தெலும்பு தெரிந்து, வளையல் முழங்கை வரை ஏறுகிற காலம் வந்தபோதும் பூசணி என்ற பெயர் மட்டும் இளைக்கவில்லை.

அப்படி ஒரு சனிக்கிழமை, மேடையைவிட்டு இறங்கும்போது, அவள் தராசக்காவின் காதோரம் வந்து, "அக்கா, நான் ஒண்ணுமே செய்யலக்கா. தானா குறையுது" என்றாள்.

தராசக்கா சிரித்தாள். "கொடுத்து வச்சவ!" என்றாள். சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

விசில் மாஸ்டர் அவளைப் படம் பிடித்தார். சேர்ந்த புதிதில் எடுத்த படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'முன்பு', 'பின்பு' என்று எழுதிச் சுவரொட்டி அடித்தார். பூங்கா வாசலில், காய்கறிச் சந்தையில், மருந்துக்கடைக் கதவில் எல்லாம் பூசணி சிரித்தாள். டவுன் பஸ்ஸின் முதுகிலும் ஒட்டினார்கள். அந்த பஸ்ஸை ஓட்டுவது தராசக்காவின் வீட்டுக்காரர். சங்கத்தின் கொள்கைக்கு நேர் எதிரான தொப்பை உள்ளவர். "இளைச்சவ பின்னாடி, ஊதினவன் முன்னாடி. வண்டி பேலன்ஸா ஓடுது" என்று அவர் சொல்லி, டிப்போவே சிரித்தது.

பிரேம்காரர் அந்த இரட்டைப் படத்துக்குத் தேக்குச் சட்டம் இழைத்து, கண்ணாடி போட்டு, கூலி வாங்காமல் சங்கத்துக்குக் கொடுத்தார். எடைமேடைக்கு எதிர்ச் சுவரில் மாட்டினார்கள். மாட்டிய வாரத்திலேயே பூசணி சமையல் வகுப்பில் மயங்கி விழுந்தாள். வயிற்றில் கட்டி. பரவிவிட்டது என்றார்கள். உடம்பு இப்படி உருகும்போதே கூட்டி வந்திருக்க வேண்டாமா என்று டாக்டர் பிரேம்காரரைக் கேட்டாராம். மழைக்காலம் தொடங்குமுன் பூசணி போய்ச் சேர்ந்துவிட்டாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதையைக் கேட்டிருக்கிறோம். சங்கம் கைதட்டலில் மறைத்தது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சாவு வீட்டில்கூட, "எவ்வளவு அழகா இளைச்சிருந்தா, பாவம்" என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து தராசக்காவுக்குச் சனியன் பிடித்தது.

ஆள் இல்லாத எடைமேடையில் முள் ஆடியது. வெளியே லாரி போனால் ஆடும், அது பழைய வழக்கம்தான். லாரி போகாதபோதும் ஆடியது. மின்விசிறியை நிறுத்திப் பார்த்தாள். அப்போதும், யாரோ ஏறலாமா வேண்டாமா என்று ஒரு காலை மட்டும் வைத்துப் பார்க்கிற மாதிரி, முள் மெல்ல விலகித் திரும்பி வந்தது. அடியில் கல் ஏதும் சிக்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை.

சட்டத்தின் கண்ணாடி அதைவிட மோசம். மேடையில் ஏறி நிற்பவரின் முகம் எதிர்ச் சுவரில் அந்தக் கண்ணாடியில் விழும். சரியாகப் 'பின்பு' என்ற படத்தின் மேல் விழும். தையல்காரம்மா ஏறினால் பூசணியின் முகத்தில் தையல்காரம்மாவின் கண். தபால்காரர் ஏறினால் பூசணியின் சிரிப்புக்கு மேலே தபால்காரரின் மீசை. மற்றவர்கள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. வட்டமுகத்துக்குப் பக்கத்தில் நிற்கிற தராசக்காவுக்கு அது தெரியாமல் ஒரு சனிக்கிழமைகூடப் போகவில்லை.

வெளியே வந்தாலும் விடுதலை இல்லை. புறா கூட்டமாகச் சிறகடித்தால் கைதட்டல். தகரத்தில் மழை விழுந்தால் கைதட்டல். துணி துவைக்கிற சத்தம்கூடக் கைதட்டலாகத்தான் கேட்டது. பஸ் நிறுத்தத்தில் நின்றால் புருஷனின் பஸ் அவளைத் தாண்டிப் போகும், முதுகில் பூசணி சிரித்துக்கொண்டே போவாள். வெயிலில் படத்தின் நிறம் வெளுத்து, 'பின்பு' மட்டும் நாளுக்கு நாள் இன்னும் இளைத்துக்கொண்டே வந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். தராசக்காவின் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, அறைந்தது.

"மாஸ்டர், அந்தப் படத்தை எடுத்துடலாமே" என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள்.

"எதுக்கும்மா? அவங்க நினைவா இருக்கட்டும். நன்கொடை கொடுக்கிறவங்க எல்லாரும் முதல்ல அதைத்தான் பாக்குறாங்க" என்றார் மாஸ்டர். கெட்ட மனுஷன் இல்லை. நல்ல மனுஷர்களுக்கே உரிய குருட்டுத்தனம் அவருக்குக் கொஞ்சம் தாராளமாக வாய்த்திருந்தது.

இந்த நிலையில்தான் ஒரு சனிக்கிழமை பிரேம்காரர் வரிசையில் வந்து நின்றார்.

உட்கார்ந்தே வேலை செய்கிறவர், சின்னதாகத் தொப்பை உண்டு. "நானும் சேர்ந்துக்கலாமா மேடம்?" என்று தராசக்காவைப் பார்த்துக் கேட்டார். அவள் வரிசையை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். பழி வாங்க வந்திருக்கிறாரா? நாலு பேர் முன்னால் கேட்டுவிட வந்திருக்கிறாரா? அவர் ஒன்றும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றினார், ஏறினார், எதிரே பார்த்தார், இறங்கினார். காலையில் எல்லோரோடும் பூங்காவில் நடந்தார். மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. "பாருங்க, மனைவியோட கனவை நிறைவேத்துறார்" என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி, கடைசியில் தானே நம்பிவிட்டார்.

தொப்பை போயிற்று. கைதட்டினார்கள். அதற்குப் பிறகும் குறைந்தது. அதற்கும் தட்டினார்கள். முள் இறங்கினால் கை சேர வேண்டும் என்று பழகிவிட்டது, கைக்கு யோசிக்கத் தெரியாது. சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே இடைவெளி விழுந்தது. ஒரு சனிக்கிழமை தராசக்கா தற்செயலாக எதிர்ச் சுவரைப் பார்த்தாள். கண்ணாடியில் பூசணியின் முகமும் அவர் முகமும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்திருந்தன. மற்றவர்களுடைய முகம் விழும்போது மீசை தனி, கண் தனி என்று பிரித்துச் சொல்லிவிடலாம். அன்றைக்குப் பிரிக்க முடியவில்லை. அதே கன்னக்குழி, அதே கழுத்தெலும்பு.

இறங்கும்போது அவர் அவள் பக்கம் குனிந்தார். "நான் ஒண்ணுமே செய்யல மேடம். தானா குறையுது" என்றார்.

கூடத்தில் கைதட்டல் நடந்துகொண்டிருந்தது. அவள் என்னவோ சொல்லப் போகிறாள் என்று அவர் நின்று பார்த்தார். அவள் சொல்லவில்லை. அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். எதிரே அவள் வீட்டுக்காரர் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டிருந்தார்.

"உன் கை சோத்துல இருக்கு, நீ எங்க இருக்க?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னாள். முள் ஆடுவது, கண்ணாடி, 'கொடுத்து வச்சவ' என்று தான் சொன்ன வார்த்தை, இன்றைக்கு அவர் சொன்னது, எல்லாம். சிரிப்பார் என்றுதான் நினைத்தாள். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணை நான் நாள் முழுக்க முதுகுல சுமக்குறேன். பின்னாடி வர்ற வண்டிக்காரன்தான் பாக்குறான், எனக்குத் தெரியறதில்ல. உனக்குத் தெரியுதில்ல? தெரிஞ்சவதான் சொல்லணும்."

"நான் ஆரம்பிச்ச கைதட்டலுங்க. நானே வேண்டாம்னு எப்படிச் சொல்றது? அப்ப பூசணி செத்ததுக்கு நான்தான்னு ஆயிடாதா?"

"ஆகும்" என்றார் அவர். ஆறுதல் சொல்லத் தெரியாத மனுஷன். "ஆனா இந்த ஆளாவது இருப்பான்ல."

அடுத்த சனிக்கிழமை கூடத்தில் ஒரே அமர்க்களம். மாஸ்டர் கேமராவோடு வந்திருந்தார். ஆண்டுக் கூட்டத்துக்குப் புதுச் சுவரொட்டி வேண்டும், பிரேம்காரர்தான் இந்த வருடத்துப் 'பின்பு' என்று அறிவித்தார். மனைவியின் படத்துக்குக் கீழே நிற்க வைத்து எடுக்கப் போகிறாராம். பிரேம்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறினார். சட்டை, ஆணியில் மாட்டிய மாதிரி அவர் மேல் தொங்கியது.

முள் ஓடியது, தள்ளாடியது, நின்றது. போன வாரத்தைவிடக் கீழே. கூடம் முள்ளைப் பார்க்கவில்லை, தராசக்காவின் வாயைப் பார்த்தது. கைகள் தயாராக உயர்ந்திருந்தன.

அவர் குனிந்தார். "நான் ஒண்ணுமே செய்யல மேடம்" என்றார். "தானா குறையுது."

"ஏன்?" என்றாள் தராசக்கா.

அவளுக்கே அந்தக் குரல் அன்னியமாக இருந்தது. பழக்கதோஷத்தில் பின்வரிசையில் யாரோ தட்டினார்கள். அவள் திரும்பினாள். மளிகைக் கடையில் மூட்டைக்காரர்களை அதட்டிய பழைய தொண்டை எங்கிருந்தோ வந்தது.

"யாரும் கை தட்டாதீங்க! ஒரு மனுஷன் உருகிட்டு இருக்கான், கையா தட்டுறீங்க? அவளுக்கும் இப்படித்தானே தட்டினோம்? நான்தானே முதல்ல தட்டினேன்!"

எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். மாஸ்டர் கேமராவை இறக்கினார். "அம்மா, கொஞ்சம் மெதுவா..." என்று ஆரம்பித்தவர், கண்ணாடிச் சட்டத்தையும் பிரேம்காரரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார்.

தராசக்கா பிரேம்காரரின் கையைப் பிடித்தாள். விறகுக் குச்சி மாதிரி இருந்தது. "ஏன் தானா குறையுது? என்ன சாப்பிடுறீங்க? எத்தனை நாளா இப்படி? வாங்க, இப்பவே டாக்டர்கிட்ட போலாம். செருப்பைப் போடுங்க" என்றாள்.

அவர் மேடையிலேயே நின்று அழுதார். அழுகையில் உடம்பு குலுங்க, முள்ளும் கூடவே குலுங்கியது.

ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளித்தான். வெளியே நீளமான பெஞ்சு. சனிக்கிழமைக் கூட்டம். இரண்டு பேரும் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். எதிர்ச் சுவரிலும் சங்கத்தின் சுவரொட்டி ஒன்று இருந்தது. யாரோ சின்னப் பிள்ளைகள் பூசணிக்குப் பென்சிலால் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார்கள்.

"அக்கா" என்றார் பிரேம்காரர். அதுவரைக்கும் மேடம்தான். "அவ உங்ககிட்ட இதே வார்த்தையைச் சொன்னாளாமே."

தராசக்கா தலையை ஆட்டினாள். இதோ, கேட்டுவிட்டார். இத்தனை நாள் எதற்குப் பயந்தாளோ அது இதுதான்.

"நான் 'கொடுத்து வச்சவ'ன்னு சொன்னேன்" என்றாள். "சிரிச்சுக்கிட்டே சொன்னேன்."

"தெரியும். வீட்டுக்கு வந்து எங்கிட்டயும் சொன்னா. நான் கண்ணாடி அறுத்துட்டு இருந்தேன். தலையைக்கூடத் தூக்கல. கொடுத்து வச்சவ, போன்னேன். 'அக்காவும் இதையேதான் சொன்னாங்க, ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்களா'ன்னு சிரிச்சா." அவர் தன் விரல் நுனியிலிருந்த பழைய கண்ணாடிக் கீறல்களைத் தடவிக்கொண்டார். "அவ போனதுக்கப்புறம் எனக்குச் சோறு இறங்கல. இளைச்சேன். அப்ப தோணுச்சு. அதே இடத்துல ஏறி நின்னு, அதே வார்த்தையைச் சொல்லிப் பாக்கணும். அதுக்கு வேற பதில் இருக்கா, எனக்குக் கேக்கணும். யாராவது ஒருத்தர் வாயால கேக்கணும். அதுக்குத்தான் வாராவாரம் வந்தேன்."

"கேட்டுட்டீங்களா?"

"கேட்டுட்டேன்." எதிர்ச் சுவரொட்டியைப் பார்த்தார். "ரொம்பச் சின்னதா இருக்குக்கா. ஏன்னு ஒரு வார்த்தை. நான் ஏதோ பெரிசா இருக்கும்னு நினைச்சுட்டேன்."

தராசக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பெஞ்சில் இருந்தவர்கள், இவர்களுக்கு யாரோ போய்விட்டார்கள் போலிருக்கிறது என்று தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள்.

நர்ஸ் பெயரைக் கூப்பிட்டாள். கதவோரத்திலேயே எடை பார்க்கும் மெஷின். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்.

"கூட வந்தவங்க யாரு? என்ன வேணும் உங்களுக்கு?" என்று நர்ஸ் கேட்டாள்.

"என் வீட்டுக்காரிக்கு அக்கா முறை" என்றார் பிரேம்காரர்.

நர்ஸுக்கு இவர்களை யாரென்று தெரியாது. எதிர்ச் சுவரில் சிரிப்பவள் யாரென்றும் தெரியாது. இன்னும் பார்க்க வேண்டிய கூட்டம் வாசல் வரை நிற்கிறது. அவள் மெஷினைப் பார்த்தாள், அவரை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தாள், பேனா மூடியைப் பல்லால் கழற்றிக்கொண்டே சர்வசாதாரணமாகக் கேட்டாள்:

"என்ன இப்படி எளைச்சுப் போயிருக்கீங்க? ஏன்?"

பிரேம்காரர் திரும்பித் தராசக்காவைப் பார்த்தார். அவள் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவை பழக்கத்தில் வெளியே வந்துவிடாதபடி அழுத்தி உட்கார்ந்திருந்தாள்.